மூன்று வரிக்கு விழுந்த கள்ள வோட்டு

தம்பி,

அடுத்த மாதக் கடைசியில் நீ கிளாஸ்கோவுக்குப் போகிறாய் என்பதை மாமா சொல்லித்தான் அறிந்தேன். வேலை கிடைத்துவிட்டதாம், அறையும் பார்த்துவிட்டாயாம். "உனக்குத் தெரியாதோ தங்கச்சி?" என்று கேட்டார். "தெரியும் அண்ணை, சொன்னவன்" என்றேன். பார், எனக்குப் பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது என்று. யோசிக்கக்கூட இல்லை.

இதை உன் கைபேசிக்கு அனுப்பியிருக்கலாம். என் இலக்கத்தை நீ தடுத்து வைத்திருக்கிறாய் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் வேறு. போன வருடம் எங்கள் ஊர்ச் சங்கத்தின் ஆண்டு மலரில் உன் படம் முழுப் பக்கத்தில் வந்தது. "அகில பிரித்தானிய ஹைக்கூப் போட்டியில் முதற்பரிசு பெற்ற எம் மண்ணின் மைந்தன்" என்று கீழே போட்டிருந்தார்கள். அந்தப் பரிசு உனக்குக் கிடைக்கவில்லை. போட்டி முடியுமுன்பே மாமா அவசரப்பட்டு அச்சுக்குக் கொடுத்துவிட்டார். பிறகு ஒருவரும் திருத்தம் போடவில்லை. நானும் போடச் சொல்லவில்லை. இந்த வருட மலருக்குப் பிள்ளை வளர்ப்பைப் பற்றி ஒரு கட்டுரை தரும்படி என்னைக் கேட்டார்கள், மைந்தனைப் பெற்ற தாய் என்பதற்காக. இதைத்தான் தருகிறேன். பொய் அச்சான இடத்தில் உண்மையும் அச்சாகட்டும். மலர்க் குழுவுக்கு ஒன்று: ஒரு வரி வெட்டுவதென்றால் முழுவதையும் எடுத்துவிடுங்கள். நீ கிளாஸ்கோ போவதற்கு இரண்டு கிழமை முன்னதாக மலர் வெளியாகிறது. மாமா யாருக்குக் கொடுக்க மறந்தாலும் உனக்கு ஒரு பிரதி தபாலில் அனுப்ப மறக்கமாட்டார்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சிலதைச் சொல்லவேண்டும். என் மகனுக்கு மருத்துவம் கிடைக்கவில்லை. கணக்கியல் படிப்பை இரண்டாம் ஆண்டில் விட்டான். பொதிகள் தரம்பிரிக்கும் கிடங்கொன்றில் வேலை செய்தான். நீங்கள் கலியாண வீடுகளில் கேட்டபோதெல்லாம் "படிக்கிறான்" என்று சொன்னது நான். லண்டன் ஸ்ட்ரெதமில் பஸ் ஓட்டுகிற ஒருத்தி, புருஷன் விட்டுப்போன ஒருத்தி, அப்படித்தான் சொல்லவேண்டியிருந்தது. உங்கள் கேள்வி கேள்வியாக இருக்கவில்லை, தராசாக இருந்தது. இரண்டு டொக்டர் பிள்ளைகளைப் பெற்றவர் மேசையின் தலைமாட்டில் இருப்பார். என்னைப் போன்றவர்கள் ஐஸ்கிரீம் கிண்ணம் பரிமாறிக்கொண்டிருப்போம். இதை இதுவரை யாரும் எழுதியதில்லை, எல்லோருக்கும் தெரியும் என்பதால்.

உனக்கு அந்தக் கேள்வி இல்லாத ஓர் இடம் கிடைத்தது. கிடங்கில் கூட வேலை செய்த ஒருவன் உன்னை ஒரு ஞாயிறு பூங்காவுக்குக் கூட்டிப்போனான். அங்கே ஒரு பேஸ்போல் கிளப். லண்டனில் பேஸ்போல் விளையாடுகிறார்கள் என்பதே எனக்கு அதற்குமுன் தெரியாது. மின்சார வேலை செய்கிற டேவ் என்ற வெள்ளைக்காரன் கப்டன். என்ன படிக்கிறாய் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. ஷூ அளவு மட்டும் கேட்டார்களாம். அதை நீ வந்து சொன்னபோது சிரித்தாய். நீ சிரித்து எவ்வளவு காலம் என்று நினைத்தேன், உடனே "இதால என்ன பிரயோசனம்?" என்றும் கேட்டேன். இரண்டும் ஒரே நிமிடத்தில் நடந்தன.

ஒருமுறை பார்க்கவும் வந்தேன். காலை ஷிப்டுக்கும் மாலை ஷிப்டுக்கும் இடையில், சீருடையோடு, குடை பிடித்துக்கொண்டு. மழை தூறியது. உன்னை வலது பக்கத்தின் ஆகத் தொலைவான மூலையில் நிறுத்தியிருந்தார்கள். பந்து மிகக் குறைவாக வரும் இடம் அது, புதியவனையும் மெல்ல ஓடுகிறவனையும் அங்கேதான் விடுவார்கள் என்று பக்கத்தில் நின்ற பெண் சொன்னாள். நான் நின்ற நேரம் முழுக்க உன் பக்கம் ஒரு பந்தும் வரவில்லை. முடிந்ததும் நான் கேட்டது நினைவிருக்கிறது.

"இதுக்கோ தம்பி ஞாயிறு விடிய எழும்பி ஓடி வாறாய்? வேலிக்கட்டை மாதிரி நிக்கவோ?"

"பந்து வராட்டிலும் ஒவ்வொரு பந்துக்கும் நான் ஓட ரெடியா நிக்கவேணும் அம்மா. அதுதான் என்ர வேலை."

"நல்ல வேலை" என்றேன். டேவுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் என் குரல் விளங்கியிருக்கும். நீ தலையைக் குனிந்துகொண்டு சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தாய்.

அதற்கு அடுத்த வசந்தத்தில்தான் அந்தப் போட்டி. பேஸ்போல் ரசிகர்களுக்காக இந்த நாட்டில் சிலர் ஓர் இணையத்தளம் நடத்துகிறார்கள், ஒரு சின்னச் சஞ்சிகையும் போடுகிறார்கள். பேஸ்போலைப் பற்றி ஹைக்கூ எழுதச் சொன்னார்கள். மூன்று வரி. பத்துக் கவிதைகளை அவர்கள் தெரிவுசெய்வார்கள், பிறகு ஒரு கிழமை ரசிகர்கள் வாக்களிப்பார்கள். பரிசு ஒரு பந்து. சஞ்சிகையின் அட்டையில் கவிதை வரும், அவ்வளவுதான். பத்தில் ஒன்றாக உன்னுடையது வந்திருக்கிறது என்று நீ குசினிக்கு வந்து, நான் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, வாசித்துக் காட்டினாய். ஆங்கிலத்தில் அசையெண்ணி எழுதியிருந்தாய். என்னால் அந்தக் கணக்கைத் தமிழில் பிடிக்க முடியவில்லை. பொருள் இதுதான்:

ஒன்பது சுற்றும்
என் பக்கம் பந்து வரவில்லை.
கையுறைக்குள் மழை.

நான் அன்றைக்கு அங்கே நின்றவள். மழையை நானும் பார்த்தேன். நீ கையுறையை விரித்துப் பிடித்தபடி நின்றதைப் பார்க்கவில்லை. அதைச் சொல்லியிருக்கலாம். வாய்க்குள் சோற்றோடு நான் கேட்டது, "முதலாவதா வர என்ன செய்யவேணும்?"

"ஒண்டும் செய்யத் தேவையில்லை. ஆக்கள் வோட் பண்ணுவினம்."

"ஆரும் பண்ணலாமோ?"

நீ என்னை ஒரு மாதிரிப் பார்த்தாய். "பேஸ்போல் ஃபான்ஸ் மட்டும்தான். அம்மா, ஒருத்தருக்கும் சொல்லாதைங்கோ. மாமாக்கு முக்கியமா சொல்லாதைங்கோ. இது எனக்கும் எங்கட கிளப்புக்கும்தான், ப்ளீஸ்."

"ஓம்" என்றேன்.

நீ எட்டு வயதில் தமிழ்ப் பாடசாலைப் பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கினாய். பேச்சை எழுதியது மாமா. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு உன் ஆசிரியையிடம் "இது நான் எழுதேல்லை டீச்சர்" என்று சொல்லிவிட்டாய். காருக்குள் ஏற்றி உன் தொடையில் நுள்ளினேன். நீ அழவில்லை, ஏன் என்று கேட்டாய்.  பதில் ஒன்று இருந்தது. எட்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்லக்கூடியதல்ல என்று நினைத்தேன், இருபத்திரண்டு வயதிலும் சொல்லவில்லை.

பதினெட்டு வயதில் நான் இந்த நாட்டுக்கு வந்தேன். அகதி விண்ணப்பத்துக்கு நேர்முகம் வைத்தார்கள். நடந்ததை நடந்தபடி சொன்னேன், ஒரு சொல் கூட்டவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் எழுதிக்கொண்டே போனார். நம்பும்படியாக இல்லை என்று மறுப்புக் கடிதம் வந்தது. என் உடம்பில் நடந்ததை நம்பும்படியாக இல்லை என்றார்கள். பிறகு அண்ணை, உன் மாமா, ஓடித்திரிந்தார். ஊர்ச் சங்கம், கோயில், கடைக்காரர், பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார். கட்டுக்கட்டாய்க் கடிதம் போனது. மேன்முறையீட்டில் என்னை இருக்கவிட்டார்கள். நான் படித்த பாடம் அதுதான். ஒரு ஆளின் சொல் இங்கே செல்லாது, ஊரைக் கூட்டிக்கொண்டு வா. எங்கள் ஆட்கள் எல்லோரும் இந்தப் பாடத்தை ஏதோ ஒரு வகுப்பில் படித்தவர்கள். அதனால்தான் பிள்ளையின் பாட்டுப் போட்டியென்றாலும் வாக்கு, கவுன்சில் தேர்தல் என்றாலும் வாக்கு, ஒருவர் சொன்னால் நானூறு பேர் விரல் வைப்போம். அது எங்களைக் காப்பாற்றியிருக்கிறது. உன் மூன்று வரிக்கு யாருடைய காப்பும் தேவைப்படவில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

அடுத்தநாள் பஸ் டிப்போவில் தேநீர் இடைவேளையில் அந்தச் செய்தியைத் தட்டினேன். உன் படம், இணைப்பு, "அன்பு உறவுகளே, எங்கள் பிள்ளையை வெல்ல வைப்போம், வீட்டில் உள்ள எல்லாக் கைபேசியிலும் வாக்களியுங்கள்." மாமாவுக்கு அனுப்பினேன். அவர் ஊர்க் குழுவில் போட்டார். ஒரு மணித்தியாலத்தில் பாரிஸ் லாசப்பலில் இருந்தும் கனடா ஸ்காபரோவில் இருந்தும் பதில் வரத் தொடங்கியது.

"மூண்டு வரிதானே கிடக்கு, மிச்சம் எங்கை?"

"பந்து வரேல்லையாம். பந்து பிடிச்ச பெடியனுக்கல்லோ பரிசு குடுக்கவேணும்?"

"உது ஊரில தடியால பந்தடிக்கிற எங்கட எல்லே விளையாட்டு மாதிரித்தான். வெள்ளைக்காரன் களவெடுத்தது."

"வாசிச்சு மினக்கெடாதைங்கோ, கீழை போய் அமத்துங்கோ."

வாசிக்கத் தேவையில்லை என்று எழுதியவர் மலர்க் குழுவில் இருக்கிறார். இதைத் திருத்தப்போவது அவர்தான். வணக்கம்.

வாக்களிக்கும் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது, உங்கள் அபிமான அணி எது என்று. மாமா எனக்குப் போன் அடித்தார். "தங்கச்சி, உதுக்கு என்னத்தைப் போட?" "எதையாவது போடுங்கோ அண்ணை, எனக்கு இப்ப பஸ் எடுக்கவேணும்." அவர் எங்கள் ஊர் விளையாட்டுக் கழகத்தின் பெயரைப் போட்டார். மற்றவர்களும் அதையே பார்த்துப் போட்டார்கள். இணையத்தளத்தை நடத்துகிறவர்கள் திங்கட்கிழமை திறந்து பார்த்தபோது, உலகத்தில் இல்லாத ஒரு பேஸ்போல் அணிக்கு நூற்றுக்கணக்கான ரசிகர்கள் நின்றார்கள், எல்லோரும் ஒரே கவிதைக்கு. கள்ள வோட்டுப் போடத் தெரியாதவர்கள் போட்ட கள்ள வோட்டு. வேறொருவரின் கதையென்றால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

உனக்கு ஒரு மரியாதையான மின்னஞ்சல் வந்தது. இந்த நாட்டில் கழுத்தை அறுப்பதும் மரியாதையாகத்தான். கவிதை விலக்கப்பட்டது, வருந்துகிறோம். ஒன்று சொல்கிறேன், கோபத்தோடு சொல்கிறேன். இதே நாட்டில் ஒரு தகப்பன் கோல்ஃப் மைதானத்தில் நின்று இன்னொரு தகப்பனுக்கு ஒரு வார்த்தை சொல்லி மகனுக்கு வேலை எடுத்துக் கொடுப்பான். அதற்குப் பெயர் தொடர்பு. நாங்கள் அதையே வாட்ஸ்அப்பில் கூட்டமாய், சத்தமாய், அசிங்கமாய்ச் செய்தால் மோசடி. இது உண்மை. ஆனால் இந்த உண்மையைக் காட்டி நான் செய்ததை மறைக்கப்போவதில்லை. நீ அவர்களோடு நேர்மையாக விளையாடிக்கொண்டிருந்தாய். அவர்களும் உன்னோடு அப்படித்தான் இருந்தார்கள். நடுவில் புகுந்தது நான்.

நீ கைபேசியைப் பிடித்தபடி குசினி வாசலில் நின்றாய்.

"அம்மா, நீங்களோ?"

"எனக்கென்ன தெரியும்? மாமா ஆக்கள் எங்கையாவது பாத்திட்டுத் தாங்களாச் செய்திருப்பினம்."

"உண்மையாவோ?"

"உன்னாணைச் சொல்லுறன்."

பெற்ற பிள்ளை மேல் ஆணை வைத்தேன். உன் முகம் தெளிந்தது. அந்த முகத்தைப் பார்க்க அந்த நிமிடம் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. நீ அறைக்குப் போனதும் மாமாவுக்குப் போன் எடுத்து அந்தச் செய்தியை அழிக்கச் சொன்னேன். அவர் அழித்தார். ஆனால் ஊர்க்காரப் பிள்ளையொன்று அதைப் படம் பிடித்துப் பகிடிக்கு இணையத்தில் போட்டிருந்தது, என் பெயரோடு.

ஞாயிறு நீ கிளப்புக்குப் போய் என்ன செய்தாய் என்பதை அன்று மத்தியானம் வந்து நீயே சொன்னாய். நின்றபடி, கையுறையைக் கழற்றாமல் சொன்னாய். "என்ர அம்மா பொய் சொல்லமாட்டா எண்டு எல்லாருக்கும் முன்னால சொன்னனான். எங்கட பேருகள் நீளமா இருக்கிறபடியாத்தான் சந்தேகப்படுறியள் எண்டு டேவைக் கேட்டனான். அவரை ரேசிஸ்ட் எண்டு சொன்னனான் அம்மா. அவர் ஃபோனை எடுத்துக் காட்டினார். உங்கட மெசேஜ். டிரான்ஸ்லேட் பண்ணி வைச்சிருந்தார்." நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "வேண்டாம்" என்றாய். ஒரு பையில் உடுப்பை அடுக்கிக்கொண்டு கிழக்கு லண்டனில், ஃபாரஸ்ட் கேட்டில் உன் சிநேகிதனின் அறைக்குப் போய்விட்டாய். போகிறேன் என்று எங்கள் வீடுகளில் சொல்வதில்லை, "போட்டு வாறன்" என்றுதான் சொல்லவேண்டும். நீ இரண்டையும் சொல்லவில்லை.

இந்த ஒரு வருடம் நான் என்ன செய்தேன்? பஸ் ஓட்டினேன். இணையத்தளத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன், போட்டி முடிந்த விடயம் என்று இரண்டு வரியில் பதில் வந்தது. கிளப்புக்குப் போகத் துணிவு வரவில்லை. நீ கிளாஸ்கோ போகிறாய் என்று கேள்விப்பட்ட பிறகுதான், போன ஞாயிறு, லீவு எடுத்துக்கொண்டு போனேன். நீ இருப்பாய் என்று எதிர்பார்க்கவில்லை. உன் பெயர் அங்கே சுத்தமாக இருக்கவேண்டும், அதற்காகப் போனேன். எல்லோரும் கூடி நின்ற நேரம் டேவிடம் சொன்னேன், என் பஸ்கார ஆங்கிலத்தில். செய்தி அனுப்பியது நான். என் மகன் ஒருவருக்கும் சொல்லாதே என்று கேட்டிருந்தான். நான் அவனுக்கும் பொய் சொன்னேன். அவன் உங்களிடம் பொய் சொல்லவில்லை, என் பொய்யை நம்பினான்.

டேவ் மட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கடைசிவரை கேட்டான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "அவன் எங்களிடம் எல்லாம் சொல்லிவிட்டான், அடுத்த கிழமையே வந்து. தான்தான் உங்களிடம் கேட்டு அந்தச் செய்தியை அனுப்ப வைத்ததாக. அம்மாவுக்கு இதெல்லாம் விளங்காது, தான் சொன்னதைச் செய்தார் என்று. மன்னிப்புக் கேட்டான். தானாகவே விலகிக்கொண்டான்."

 இல்லை, அது பொய், அவன் என்னைக் காப்பாற்றச் சொன்னது என்றேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். கைபேசியை நீட்டினேன். செய்தியில் என் பெயர் இருக்கிறது, யார் கேட்டு அனுப்பியது என்று எங்கே இருக்கிறது? குசினியில் நீ சொன்னதற்கு ஒரு சாட்சியும் இல்லை. டேவ் என் தோளில் கை வைத்தான். "என் அம்மாவும் இதையேதான் சொல்லியிருப்பா" என்றான். மற்றவர்கள் தலையாட்டினார்கள். ஒரு பெண் பிளாஸ்கில் இருந்து தேநீர் ஊற்றித் தந்தாள். நல்ல மனிதர்கள். ஒருவரும் என்னை நம்பவில்லை. நான் அந்தத் தேநீரை வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன்.

என்னோடு கதைக்காமல், என் இலக்கத்தைத் தடுத்துவைத்துக்கொண்டு, என் களவை எடுத்து உன் தலையில் வைத்திருக்கிறாய். உனக்கு ஏன் இந்தப் புத்தி வந்தது? தாய்மாரைக் காப்பாற்று என்று நாங்கள்தான் மேடை மேடையாய்ச் சொல்லிக் கொடுத்தோம். விடு. எந்தத் தாயும் அவ்வளவு பெறுமதி இல்லை. நான் இல்லவே இல்லை. உனக்கு நான் சொல்லக்கூடிய புத்திமதி இது ஒன்றுதான். மற்றதெல்லாம் உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

போகுமுன் உனக்கு இரண்டு ஞாயிறு மிச்சம் இருக்கும். ஒன்றில் அங்கே போ. போய் என்னைக் காட்டிக் கொடு. எங்கள் சனத்திடம் இதைவிடக் கேவலமான சொல் இல்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன். காட்டிக் கொடுத்தவன் என்று பெயர் எடுத்தவர்களுக்கு என்ன நடந்தது என்று கண்ணால் பார்த்து வளர்ந்தவள் நான். நான் பெற்ற பிள்ளையிடம் அதைக் கேட்கிறேன். அம்மா செய்தவ, நான் செய்யேல்லை என்று சொல்லிவிட்டுப் போ.

நீ போகமாட்டாய். எனக்குத் தெரியும். டேவ் இன்னும் பத்து வருடத்துக்கு உன்னை, கெட்டிக்காரன், ஆனால் கள்ள வோட்டுப் போட்ட பெடியன் என்று நினைத்திருப்பான். நீ பொய்யால் வெல்ல நினைக்காத பிள்ளை என்பது உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அவள் சொல்லிப் பார்த்துவிட்டாள்.

அம்மா